நான்கு நாள் கழித்துச் சொன்ன ஊசிக்குத்து: இனி என்ன செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: மலைமுகில்

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய வைத்தியசாலையில் ஆறு வருடங்களாகத் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். இன்று காலை எனக்குத் தெரியவந்த ஒரு விடயம் குறித்து, தொற்றுக் கட்டுப்பாட்டில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வார்டைக் கூட்டித் துடைத்துக் குப்பை அகற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முன்பு பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். துப்புரவு வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்திருக்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் நாட்சம்பள ஊழியராக இரண்டு வருடங்களாக இங்கு வருகிறார். கடந்த வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில், நிரம்பிய கறுப்புக் குப்பைப் பையின் வாயைக் கட்டுவதற்காக மேலிருந்து கையால் அழுத்தியிருக்கிறார். உள்ளே கிடந்த ஊசியொன்று, மெல்லிய பிளாஸ்டிக் கையுறையைத் துளைத்துக்கொண்டு, வலது பெருவிரலுக்குக் கீழுள்ள சதையில் ஏறிவிட்டது. ஊசியைப் பிடுங்கி அதே பைக்குள் போட்டுவிட்டு, இரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றி, இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையில் இருந்து சுண்ணாம்பை எடுத்துக் காயத்தில் தடவிக்கொண்டு, மிச்ச வார்டையும் துடைத்து முடித்திருக்கிறார். எவரிடமும் சொல்லவில்லை.

இன்று திங்கட்கிழமை. துடைப்பத்தை இடது கையால் பிடித்திருந்ததைக் கண்டு நான் விசாரித்தபோது, "ஒன்னுமில்ல மிஸ், முள்ளு குத்திருச்சு" என்றார். கையைத் திருப்பிப் பார்த்தேன். சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்க, நடுவில் கடுகளவு கறுத்த புள்ளி ஒன்று இருந்தது. முள் இப்படிக் குத்தாது என்று சொன்ன பிறகுதான் நடந்ததைக் கூறினார். கொழுந்து எடுத்த கைக்கு இதெல்லாம் ஒரு காயமா என்றும் கேட்டார்.

கறுப்புப் பை பொதுக் குப்பைக்கு உரியது. அதில் ஊசி இருந்திருக்கவே கூடாது. அதைப் போட்டவர் ஊசி கையாளும் எங்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அது நானாகவும் இருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஊசி எந்த நோயாளிக்குப் பயன்பட்டது என்பதை இனிக் கண்டறிய வழியில்லை. ஈரலழற்சி பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி இதுவரை ஒரு தடவைகூடப் போடவில்லை என்று அக்கா சொல்கிறார். எங்கள் வைத்திய அதிகாரி மாவட்ட வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்துவிட்டார். ஆனால் ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் வெட்டுவார்கள், குத்திய கதை தெரிந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்பார்கள் என்று அவர் போக மறுக்கிறார்.

என் கேள்விகள் இவை. நான்கு நாள் கடந்த நிலையில் இன்னும் செய்யக்கூடியது என்ன? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? எங்களைப் போன்ற, தொற்றுக் கட்டுப்பாட்டுக்கெனத் தனியாக ஒரு தாதி உத்தியோகத்தர் இல்லாத சிறிய இடங்களில் இது மீண்டும் நடக்காமல் தடுக்க நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?


பதில் 1
எழுதியவர்: மகாவலிக்கரை

சகோதரி, கண்டி மாவட்டத்தில் பெரிய வைத்தியசாலை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி உத்தியோகத்தராகப் பதினான்கு வருடங்களாகப் பணியாற்றுகிறேன். விளக்கத்தைப் பிறகு வாசியுங்கள். முதலில் அந்த அக்காவை இன்று முடியாவிட்டால் நாளை காலை முதல் பஸ்ஸிலாவது அனுப்பி வையுங்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே, இனிப் போய் என்ன என்று எண்ணாதீர்கள். ஒரு கதவு மூடிவிட்டது உண்மை. அதைவிட முக்கியமான இன்னொரு கதவு வியாழக்கிழமை வரை திறந்திருக்கிறது.

மூடியது எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தின் கதவு. அந்த மாத்திரைகளை இயன்றால் முதல் இரண்டு மணித்தியாலங்களுக்குள், எப்படியும் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி 28 நாட்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். வியாழன் முற்பகலில் இருந்து எண்ணினால் அந்தக் காலம் நேற்று முற்பகலோடு முடிந்துவிட்டது. இதற்காக அக்காவைப் பயமுறுத்த வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி என்பது உறுதியாகத் தெரிந்தாலும், ஒரு குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்றுதான். நம் நாட்டில் அந்தத் தொற்று உள்ளவர்களின் விகிதமோ மிகவும் குறைவு. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஊசியைப் பொறுத்தவரை அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கிவிடுகிறது. இருந்தாலும் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தின் வைத்தியரே அதைத் தீர்மானிக்க வேண்டும். அங்கு சேவை இலவசம். விபரங்களையும் இரகசியமாக வைத்திருப்பார்கள். அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் யாராவது ஒருவர் அக்காவுடன் கூடப் போவது நல்லது.

இப்போது நான் உண்மையாகக் கவலைப்படுவது ஈரலழற்சி பி பற்றித்தான். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்தக் கிருமி மிகுதியாக உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். அதோடு, உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாட்களுக்காவது உயிரோடு இருக்கும். குப்பைப் பையில் கிடந்த ஊசி காய்ந்துபோனது என்று அலட்சியம் செய்ய முடியாது. குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் இது நம் நாட்டில் 2003ஆம் ஆண்டில்தான் சேர்ந்தது. அக்காவின் வயதில் உள்ள எவருக்கும் சிறுவயதில் அது கிடைத்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று தடுப்பூசி, உடனே முதலாவது, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மற்றது, ஆயத்தமான எதிர்ப்புச் சக்தியை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி. இதை 24 மணித்தியாலங்களுக்குள் போடுவதே சிறந்தது என்றாலும் ஏழு நாட்கள் வரை போடலாம். இரண்டையும் ஒரே வேளையில், வெவ்வேறு கைகளில் போடுவார்கள். இம்யூனோகுளோபுலின் தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். அது எல்லா இடங்களிலும் கையிருப்பில் இருக்காது. அக்காவைப் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் உங்கள் வைத்திய அதிகாரியை அங்கு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மலைப்பாதையில் மூன்று மணித்தியாலம் பயணம் செய்து போனவரிடம் "மருந்து இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொன்னால் அவர் மறுநாள் போகமாட்டார்.

ஈரலழற்சி சி.க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்திய பின் கொடுக்கும் தடுப்பு மருந்தும் இல்லை. ஆனால் பரிசோதனையில் தொற்று உறுதியானால் இரண்டு மூன்று மாதங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் முற்றாகக் குணமடைகிறார்கள். அதனால் தொடர் பரிசோதனையைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குத்திய இடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்தாலும் நன்றாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பிதுக்குவதால் பயன் இல்லை. திசுக்கள்தான் மேலும் நசுங்கும். சுண்ணாம்பு, பிளீச்சிங், ஸ்பிரிட் என்று எதையும் ஊற்றக் கூடாது, விரலை வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. அக்காவின் மேல் இதில் குற்றம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.


பதில் 2
எழுதியவர்: ஆய்வுகூடத்திலிருந்து

பதுளைப் பக்கத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறேன். மேலே மகாவலிக்கரை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் நாளே எடுக்கும் இரத்தம் நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. குத்துப்பட்ட நேரத்தில் அவருக்குத் தொற்று இருக்கவில்லை என்பதற்கான சான்று அது. பிற்காலத்தில் ஏதாவது தெரியவந்தால், அது வேலையால் வந்ததுதான் என்று நிறுவ அந்த முதல் அறிக்கையைத் தவிர வேறு ஆதாரம் இராது. ஆகவே நான்காம் நாளானாலும் ஐந்தாம் நாளானாலும் அந்த இரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கு அதன் பின் ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் பார்ப்பது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் இரத்ததானம் செய்யக் கூடாது. கணவரோடு உறவின்போது ஆணுறை பயன்படுத்த வேண்டும். இதைச் சொல்வதற்குக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. சிலர் குத்திய ஊசியையே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து "இதைப் பரிசோதியுங்கள்" என்கிறார்கள். அது பயனற்றது. கொண்டுவரும் வழியில் இன்னொருவருக்குக் குத்துவதுதான் மிச்சம்.

எனக்கும் இது நடந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், இரத்தம் எடுத்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது, மூடியின் விளிம்பைத் தாண்டி இடது சுட்டுவிரலில் ஏறியது. ஒரு கையில் மூடி, மறு கையில் ஊசி என்று எதிரெதிரே கொண்டுவருவதுதான் பிழை என்று படித்திருந்தேன். தேர்வில் எழுதியும் இருந்தேன். அன்று வரிசையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள், என் பக்கத்தில் ஊசிப் பெட்டி இல்லை. அந்த நோயாளியின் சம்மதத்தோடு அவருடைய இரத்தத்தைப் பரிசோதித்தோம், எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று மாதங்கள் என் மகளின் கன்னத்தில் முத்தமிடத் தயங்கினேன். முத்தத்தால் தொற்றாது என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் தொழிலில் இருந்துகொண்டே தயங்கினேன். அந்த அக்காவின் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கொழுந்து எடுத்த கை என்று அவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். பயம் இல்லாவிட்டால் முள் என்று மறைத்திருக்கமாட்டார்.


பதில் 3
எழுதியவர்: சிவனொளி

இவ்வளவு பேசுகிறீர்கள், கறுப்புப் பையில் ஊசியைப் போட்டவர் யார் என்று ஏன் எவரும் கேட்கவில்லை? அன்றைய கடமை அட்டவணையைப் பார்த்தால் மூன்று நான்கு பேருக்குள் அடங்கிவிடும். விளக்கம் கோரிக் கடிதம் கொடுத்து, தனிப்பட்ட கோவையில் பதிவு செய்தால் அடுத்தவர் கவனமாக இருப்பார். ஓர் ஏழைப் பெண்ணின் உயிரோடு விளையாடியவரைச் சும்மா விடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.


பதில் 4
எழுதியவர்: மகாவலிக்கரை

சிவனொளி அவர்களே, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். அந்தக் கோபத்தோடுதான் நானும் இந்த வேலையைத் தொடங்கினேன். நான் பொறுப்பேற்ற முதல் வருடத்தில் ஊசிக்குத்து நடந்த ஒவ்வொரு வார்டிலும் யார் தவறு என்று விசாரித்து அறிக்கை எழுதினேன். அடுத்த வருடம் பதிவுப் புத்தகத்தில் அறிவிப்புகள் பாதியாகக் குறைந்தன. வெற்றி என்று நினைத்தேன். பிறகு ஒரு பயிற்சியின்போது பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி, கடந்த வருடத்தில் ஊசி குத்தியதா என்று ஒரு துண்டுத் தாளில் கேட்டபோதுதான், குத்துகள் குறையவில்லை, சொல்வது மட்டுமே குறைந்திருக்கிறது என்று விளங்கியது. சொல்லாமல் போன ஒவ்வொருவரும் 72 மணித்தியாலத்தை இழந்தவர்கள்.

அதன் பிறகு யார் என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே, எப்படி என்று கேட்கத் தொடங்கினேன். ஊசி கறுப்புப் பைக்குப் போனதென்றால், மஞ்சளில் சிவப்புக் கோடிட்ட ஊசிப் பெட்டி அந்த இடத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, அல்லது நிரம்பி வழிந்தது என்றுதான் பெரும்பாலும் தெரியவரும். பெட்டி நோயாளியின் கட்டில் வரைக்கும் போக வேண்டும். ஊசி பெட்டியைத் தேடி நடக்கக் கூடாது. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். குலுக்கி, அமுக்கி, இன்னும் நான்கு ஊசிக்கு இடம் பண்ணக் கூடாது. மலைமுகில், உங்கள் வார்டில் கனியூலா (நாளத்தில் செருகும் சிறு குழாய்) போடும் கட்டிலில் இருந்து ஊசிப் பெட்டி வரைக்கும் ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள்.


பதில் 5
எழுதியவர்: பழைய டிஸ்பென்சரி

நான் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர். வயது எழுபத்தாறு. பேரன் தட்டச்சு செய்து தருகிறான்.

எழுபதுகளில் எங்கள் டிஸ்பென்சரியில் மூன்று கண்ணாடிச் சிரிஞ்சுகளும் ஒரு டசின் ஊசிகளும் இருந்தன. காலையில் மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவோம். முனை மழுங்கிய ஊசியைச் சிறு கல்லில் தீட்டிக்கொள்வோம். தீட்டும்போது என் விரலில் எத்தனை தடவை ஏறியிருக்கும் என்று கணக்கே இல்லை. அந்த நாட்களில் அதை ஒரு விபத்து என்றே எவரும் எண்ணவில்லை. என்னோடு வேலை செய்த உதவியாள் ஒருவர் செங்கமாரி (மஞ்சள் காமாலை) கண்டு, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, வயிறு வீங்கி இறந்தார். தண்ணீரால் வந்த செங்கமாரி என்று எழுதினோம். அது ஊசியால் வந்ததா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அவர்தான் ஊசிகளைக் கழுவியவர் என்பது என் மனத்தை விட்டு அகலவில்லை.

பிறகு ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் வந்தது. தடுப்பூசி வேலைகளுக்கு, ஒரு தரம் அழுத்தினால் மறுதரம் இழுக்க முடியாதபடி தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் வந்தது. 2003ஆம் ஆண்டின் முடிவுக்குள் எல்லா நாடுகளும் தடுப்பூசிக்கு அதையே பயன்படுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1999இல் கேட்டிருந்தன. கூடவே மடித்துச் செய்யும் மஞ்சள் அட்டைப் பெட்டியும் வந்தது. ஐந்து லீற்றர் பெட்டியில் ஏறக்குறைய நூறு சிரிஞ்சுகள் கொள்ளும். இவை நோயாளிக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் கொதிக்க வைத்த காலத்தில் ஊசி எங்கள் கையை விட்டு வெளியே போகவில்லை. எறியத் தொடங்கிய நாளில் இருந்து அது கூட்டுகிறவர்களின் கைக்குப் போய்விட்டது. மலைமுகில் மகள் எழுதியிருப்பதை வாசித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

மற்றுமொன்று. லயங்களில் இப்போது நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதிகம். ஊசியை ஜன்னலுக்கு வெளியே, கான் ஓரத்தில், தேயிலைப் பாத்தியில் எறிகிறார்கள். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் இருக்கும் இடம் அது. திருகுமூடி உள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலொன்றில் சேர்த்து, மாதாந்த கிளினிக்குக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். சோடா வாங்கிய மெல்லிய போத்தல் போதாது, ஊசி துளைத்துவிடும்.


பதில் 6
எழுதியவர்: தோட்டத்துப் பிள்ளை

எனக்கு மருத்துவம் தெரியாது. தொழிலாளர் வழக்குகளில் பல வருடங்களாக உதவி செய்து வருகிறேன். அந்த வகையில் ஒரு கருத்து.

அக்கா வைத்தியசாலையின் ஊழியர் அல்ல, கொந்தராத்துக்காரரின் ஊழியர் என்பதால் அவருக்கு உரிமையே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது பிழை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக் காயத்துக்குத் தொழில்தருநரைப் பொறுப்பாளி ஆக்குகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் முன் போய் நிற்பதற்கு விபத்து நடந்தது என்று ஒரு தாளாவது வேண்டும். தேதி, நேரம், இடம், எந்த வேலை செய்யும்போது, எந்தக் கையில், யார் கண்டார்கள் என்பதை இன்றே எழுதி, வைத்திய அதிகாரியின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை அக்காவின் கையில் கொடுங்கள். பிந்திச் சொன்னார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்; ஏன் பிந்தினார் என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். உங்களிடம் உள்ள விபத்து அறிவிப்புப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது? நான் பார்த்த பல இடங்களில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் "ஊசி குத்தினால் செய்ய வேண்டியவை" என்ற அறிவித்தலும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த பெண்களே குப்பைப் பையைக் கட்டும் ஒரு மாவட்டத்தில், அவர்களால் வாசிக்க முடியாத அறிவித்தலைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று அவர்களிடம் கேட்பது நியாயம் இல்லை.

சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வேலை போகும் என்று அஞ்சுகிறவரிடம் நோயைச் சொல்லிப் பயமுறுத்தினால் இரண்டு பயமாகிவிடும். அந்த நாளின் சம்பளத்தைப் பற்றி யார் நிறுவனத்தோடு பேசப்போகிறார்கள் என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.


மலைமுகில் (கேள்வி கேட்டவர்), புதன்கிழமை இரவு

பதில் எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நடந்ததைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மாலையே எங்கள் வைத்திய அதிகாரி நிறுவனத்தின் மேற்பார்வையாளரை அழைத்து, இது வேலையில் நடந்த விபத்து, சிகிச்சைக்காகச் செல்லும் நாளை வராத நாளாகக் கணக்கிடக் கூடாது என்று கடிதம் கொடுத்தார். அதற்கு எழுத்தில் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் கடிதத்தின் பிரதி அக்காவின் கையில் இருக்கிறது. அவர் அதை நான்காக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் "சரி மிஸ், போவோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தரை பஸ்ஸில் நானும் அவரோடு சென்றேன். தொலைபேசியில் முன்கூட்டியே பேசியிருந்ததால் எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை. இரத்தம் எடுத்தார்கள்; ஈரலழற்சி பி அவருக்கு இப்போது இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று அறிக்கை வந்தது. வலது கையில் இம்யூனோகுளோபுலினும் இடது கையில் தடுப்பூசியும் போட்டார்கள். எச்.ஐ.வி. மருந்துக்குரிய காலம் கடந்துவிட்டதையும், ஆபத்து ஏன் மிகக் குறைவு என்பதையும், மீண்டும் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதையும் சிங்களப் பெண்ணான வைத்தியர் தனக்குத் தெரிந்த தமிழில், படம் வரைந்து, பொறுமையாக விளக்கினார். திரும்பி வரும் வழியில் அக்கா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். ஹட்டனைத் தாண்டிய பிறகு, வியாழக்கிழமையில் இருந்து பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டவில்லை, மகளிடம் கை வலி என்று சொல்லி வைத்திருந்தேன் என்றார். ஊட்டலாம் என்று சொன்னேன்.

இன்று பதினான்காம் இலக்கக் கட்டிலில் இருந்து ஊசிப் பெட்டி வரைக்கும் நடந்து பார்த்தேன். இருபத்திரண்டு அடிகள். பெட்டி தாதியர் மேசைக்குக் கீழே, நாற்காலியை இழுத்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. அதனால் கனியூலா போட்ட ஊசியைப் பஞ்சோடு கிட்னி டிரேயில் வைத்துக்கொண்டு, வழியில் யாராவது கூப்பிட்டால் டிரேயை அப்படியே வைத்துவிட்டுப் போகிறோம். பின்பு வருபவர் பஞ்சுதானே என்று கறுப்புப் பையில் கவிழ்க்கிறார். நானே இரண்டு தடவை அப்படி டிரேயை வைத்துவிட்டுப் போனதை இன்று கவனித்தேன். இப்போது சிறிய ஊசிப் பெட்டியொன்றை மருந்து ட்ரொலியின் கீழ்த் தட்டில் பட்டியால் கட்டியிருக்கிறோம். குப்பை அள்ளுகிறவர்களுக்குத் தடித்த இறப்பர்க் கையுறைகள் கேட்டு எழுதியிருக்கிறோம். பையை மேலிருந்து அழுத்தாமல், முக்கால் நிரம்பியதும் கழுத்தைப் பிடித்துக் கட்டும் முறையை மற்ற மூன்று பெண்களுக்கும் அக்காவே செய்து காட்டினார்.

படிவம் குறித்துக் கேட்டிருந்தீர்கள். எங்களிடமும் தமிழில் இல்லை. நேற்று பஸ்ஸிலேயே ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதினேன். வைத்திய அதிகாரி சரிபார்த்துக் கையொப்பம் இட்டார். அதில் முதலாவது பதிவு அக்காவுடையது. ஊழியர்கள் எல்லோருக்கும், கொந்தராத்துக்காரர்கள் உட்பட, தடுப்பூசி விபரப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். பதினொரு பேரில் நான்கு பேர் மூன்று ஊசிகளையும் முடிக்கவில்லை.

அக்காவுக்கு இரண்டாவது தடுப்பூசி அடுத்த மாதம். அன்றைக்கும் கூடப் போவதற்காக நான் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.